திருச்சி பிளேன் எத்தனை மணிக்கு?

அந்தப் பெட்டி கொழும்பிலிருந்து பஸ்ஸில்தான் வந்தது. நான் பதுளை பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதும், நேரம் வந்ததும் விசில் ஊதி அனுப்புவதும் என் வேலை. பஸ்ஸில் வரும் பொதிகளை உரியவர் வந்து எடுக்கும் வரை என் கூண்டுக்குள் வைத்திருப்பதும் என் தலையில்தான். பலாப்பழம், டயர், கல்யாணப் பத்திரிகைக் கட்டு, ஒரு தடவை உயிருள்ள வாத்து என்று எல்லாம் வந்திருக்கின்றன. ஆனால் அன்று கண்டக்டர் ஓர் அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, மொதல்ல இத வாங்கிக்கங்க. பிளேன் சாமான்னு எழுதியிருக்கு. வழி நெடுக நான் ஒழுங்கா மூச்சு விடல."

உண்மையாகவே பெட்டியின் மேல் ஒரு விமானப் படம் இருந்தது. பத்து நிமிடத்தில் அதை எடுக்க ஒருவர் வந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்த பல் டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயதைத் தாண்டியிராது. மோட்டார் சைக்கிளில் பெட்டியை வைத்துப் பார்த்தார், குறுக்கே வைத்தார், நெடுக்கே வைத்தார், தலையில் வைத்துக்கூடப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, உங்கடை வேலை முடிய இதை என்ரை வீட்டுக்குக் கொண்டு வர ஏலுமோ?"

இரண்டு மணிக்கு என் வேலை முடிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி வாசலிலேயே பெட்டியைக் கிழித்தார். உள்ளே, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டி விளையாடும் சுக்கான். மேசையில் பெரிய திரையோடு ஒரு கம்ப்யூட்டர் ஏற்கெனவே காத்திருந்தது. சுக்கானை மேசை விளிம்பில் பூட்டி, வயரைச் செருகி, நாற்காலியில் உட்கார்ந்து, "ஏறுங்கோ அண்ணை" என்றார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்தேன்.

திரையில் கட்டுநாயக்க விமான நிலையம் வந்தது. ஓடுபாதை, கட்டடம், தென்னை மரங்கள், எல்லாம் அப்படியே. விமானம் அதிர்ந்தது, ஓடியது, எழும்பியது. என் வயிறு ஸ்டூலோடு சேர்ந்து எழும்பியது. கடலுக்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பவும் இறக்கினார். எனக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டினேன். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"டாக்டர், மத்த பிளேன் எல்லாம் எங்கங்க?"

"மற்றப் பிளேனோ? இல்லை. நான் மட்டும்தான்."

"இவ்வளவு பெரிய ஸ்டாண்டுல ஒத்த வண்டியா?"

அவர் சிரித்தார். மற்ற விமானங்களையும் ஓட விடலாம், அவற்றைக் கம்ப்யூட்டரே ஓட்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேர அட்டவணை எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனக்குப் பொறுமை இல்லை என்றார். எப்படி எழுதுவது என்று காட்டினார். ஒரு விமானத்துக்கு ஒரு வரி. விமானத்தின் எண், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணிக்குச் சேர்வு, எத்தனை அடி உயரம், எந்த ஊர். அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. பொய் சொல்லவில்லை. நான் தினமும் எழுதும் அதே தாள்! உயரம் என்ற ஒரு கட்டம் மட்டும்தான் கூட.

"டாக்டர், இத நான் எழுதுறேன்" என்றேன்.

அப்படித்தான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது.

அடுத்த இரண்டு வாரம் வேலை முடிந்து வந்ததும் கொப்பியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். பஸ் நிலையத்தில் நான் எழுதுவது நடந்ததை. பஸ் ஏழு இருபதுக்குப் போக வேண்டும் என்று தாளில் இருக்கும். டிரைவர் தேநீர் குடித்து, வெற்றிலை மென்று, இன்னும் இரண்டு பேர் வரட்டும் என்று நின்று ஏழு முப்பத்தொன்றுக்குப் போவார். நான் ஏழு முப்பத்தொன்று என்று எழுதுவேன். இங்கேயோ நான் எழுதுவதுதான் நடக்கப்போகிறது! ஏழு இருபது என்றால் ஏழு இருபது. தேநீர் கிடையாது, வெற்றிலை கிடையாது. அந்த நினைப்பிலேயே எனக்குத் தலை கிறுகிறுத்தது.

மாலையில் மொனராகலைக்குப் போகும் கடைசி பஸ் அங்கேயே தங்கி, காலையில் அங்கிருந்துதான் திரும்ப வேண்டும். இது பஸ்காரர்களுக்குத் தெரிந்த சங்கதி. விமானத்துக்கும் அப்படித்தானாம். வாரம் முடியும்போது தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் குழம்பிவிடும். யாரும் சொல்லாமலே நான் அதைச் சரியாக எழுதியிருந்ததைப் பார்த்து டாக்டர் தொப்பி இல்லாத தலையில் தொப்பியைக் கழற்றுவதுபோல் செய்து காட்டினார்.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் டவுனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் புள்ளக்காம்பராவில், கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில், ஆயா. பதினெட்டுக் குழந்தைகளை மேய்ப்பவளுக்குப் பத்து விமானம் பெரிதா என்ற முகத்தோடுதான் வந்தாள். திரையின் கடிகாரத்தை உண்மையான நேரத்துக்கே வைத்தோம். முதல் விமானம் பத்துப் பத்துக்கு. விமானங்கள் வரிசையாக, அழகாக, வெள்ளையும் நீலமுமாக நின்றன. பத்துப் பத்து ஆனது. நான் பழக்க தோஷத்தில் விசில் ஊதியே விட்டேன்.

ஒன்றும் அசையவில்லை.

பத்தே கால். பத்தரை. பதினொன்று. டாக்டர் வயரை இழுத்துப் பார்த்தார். நான் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். மனைவி, "பெட்ரோல் போட்டீங்களா?" என்று கேட்டாள். ஒரு மணிக்கு மூன்று பேரும் சோறு சாப்பிட்டோம். டாக்டர் சாப்பிட்ட நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். எனக்கு அழுகை வராத குறை. இயந்திரத்தை நிறுத்தக்கூட மனம் வராமல் அப்படியே ஓட விட்டிருந்தோம்.

திடீரென்று கம்ப்யூட்டர் அறைக்குள்ளிருந்து "ஹோ" என்று ஓர் இரைச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால், என் முதல் விமானம் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது! டைம் கீப்பர் புத்தி முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தது. மூன்று நாற்பது.

"அஞ்சரை மணித்தியாலம் லேட்டு! சரியா அஞ்சரை!"

டாக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கேட்டார், நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, என்ரை பிழை அண்ணை! இது உலக நேரம். எங்கடை நேரத்திலை இருந்து அஞ்சரையைக் கழிச்சு எழுத வேணும். சொல்ல மறந்து போனன்."

அதற்குள் இரண்டாவது விமானம் அசைந்தது, மூன்றாவது அசைந்தது. நான் அட்டவணையில் எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஓடுபாதைக்குப் போய், எழும்பி, கடல் பக்கம் திரும்பின. ஐந்தரை மணி நேரம் பிந்தியதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. மனைவியின் கையைப் பிடித்து ஆட்டினேன். அவள், "விடுங்க, கை வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எல்லா வரிகளிலும் ஐந்தரையைக் கழித்தேன். திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணி விமானம், உலக நேரத்தில் ஞாயிற்றுக்கிழமை இரவாகிவிடுகிறது. அந்த விஷயம் மண்டைக்குள் ஏற இரண்டு நாள் பிடித்தது. பஸ் நிலையத்தில் வெலிமடை பஸ் எப்போது என்று ஒரு பெரியவர் கேட்டார். "மூணு அம்பதுக்கு" என்பதற்குப் பதிலாக, மனசுக்குள் கழித்து, "பத்து இருபதுக்கு" என்று சொல்லிவிட்டேன். அப்போது பிற்பகல் இரண்டாகப் போகிறது. அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை!

நேரம் சரியானதும் எனக்கு ஆசை கூடியது. பத்து விமானம் நாற்பதானது, நாற்பது தொண்ணூறானது. காலை ஆறரைக்கு வண்டி இல்லாவிட்டால் ஊரே ஏசும் என்பது எங்கள் தொழிலின் பாடம். அதனால் ஆறரைக்கு ஒன்று, இரண்டு என்று போட்டுப் போட்டுப் பதினேழு விமானங்களைப் போட்டுவிட்டேன். ஒரு ஞாயிறு காலை அதே ஆறரைக்கு டாக்டரும் தன் விமானத்தோடு கிளம்பினார்.

பஸ்ஸாக இருந்தால் அந்த இடத்தில் பதினேழு டிரைவர்கள் இறங்கிச் சண்டை போட்டிருப்பார்கள். விமானங்கள் என்ன மரியாதை! ஒன்றின் பின் ஒன்றாக, முட்டாமல் மோதாமல், கோயில் பூசைக்கு நிற்பதுபோல் வரிசையில் நின்றன. டாக்டர் எண்ணினார். அவர் பதினான்காவது.

கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நான் ஸ்டூலைப் பின்னால் நகர்த்தினேன். அவரோ துள்ளினார்.

"ட்ராஃபிக் அண்ணை! ட்ராஃபிக்! நான் லைனிலை நிக்கிறன்!"

முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றார். அசைய அசைய இரண்டடி, மூன்றடி. இல்லாத பயணிகளிடம் மைக் இல்லாமலே மன்னிப்புக் கேட்டார். "அன்பான பயணிகளே, பதுளை டைம் கீப்பர் ஒருவரின் அதிக உற்சாகம் காரணமாக எமது விமானம் சற்றுத் தாமதமாகப் புறப்படும்." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

ஆனால் சிரிப்பை அடக்கிய ஒன்றும் அன்றைக்கே நடந்தது. வெளியூரிலிருந்து வந்து இறங்கிய விமானங்களில் சில, ஓடுபாதையை விட்டுத் திரும்பியதும் காற்றில் கரைந்து போயின. ஒன்று, இரண்டு, ஐந்து. இருக்கும், அடுத்த நொடி இருக்காது. நிற்க இடம் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அப்படித்தான் அழித்துவிடுமாம். அதற்குள் ஆட்கள் இல்லை என்று தெரியும், தெரிந்தும் என்ன? என் தாளில் எழுதிய வண்டி, வழியில் காணாமல் போவதா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சாதத்தை வடித்துக்கொண்டே கேட்டாள்.

"நிக்கிறதுக்கு எத்தன எடம் இருக்கு?"

"பெரிய பிளேனுக்கு பன்னெண்டு."

"எங்கிட்ட தொட்டில் பன்னெண்டு, புள்ள பதினெட்டு. நான் எப்படி சமாளிக்கிறேன்? ஒன்ன எழுப்பி வெளையாட விட்டுட்டுத்தான் அடுத்தத போடுவேன். எது எப்ப தூங்கும், எது எப்ப எந்திரிக்கும்னு எனக்கு தெரியும். நீங்க எல்லாத்தையும் ஒரே நேரத்துல தூங்க வச்சா எடம் எங்கருந்து வரும்?"

நான் சாப்பிடாமலே கொப்பியை எடுத்தேன். பக்கத்தின் இடது ஓரத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை இடங்கள், மேலே மணிகள். எந்த இடத்தில் எது எத்தனை மணி வரை நிற்கும் என்று கோடு இழுத்தேன். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடத்தில் நேரத்தை மாற்றினேன். அடுத்த ஞாயிறு ஒரு விமானம்கூடக் காணாமல் போகவில்லை. டாக்டர் அந்தக் கொப்பிப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "அக்கா, நீங்கள் கட்டுநாயக்கவிலை இருக்க வேண்டிய ஆள்" என்றார். மனைவி பத்து நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு என் அக்காவுக்குப் பல் வலித்தது.

அக்கா நமுனுகுல மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். நானும் அங்கே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன்தான். கன்னம் வீங்கிப்போய் பஸ் ஏறி வந்தவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். கடைவாய்ப் பல்லை எடுத்து, பஞ்சை வைத்து, "ஒரு மணித்தியாலம் வாயைத் திறக்கப்படாது" என்று சொல்லிவிட்டார். அன்று அவருக்கும் வேலை அதோடு முடிந்ததால் மூன்று பேருமாக அவர் வீட்டுக்குப் போனோம். அக்கா திரையைப் பார்த்தாள். விமானங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. நான்தான் இவற்றை அனுப்புகிறேன் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், விரலை ஆட்டி ஏதோ கேட்டாள்.

"ம்ம்ம் ம்ம்ம்ம்?"

"வாயைத் திறக்காதேங்கோ அம்மா!" என்றார் டாக்டர்.

அக்கா என் கொப்பியைப் பிடுங்கி எழுதினாள். "நம்ம தோட்டத்துக்கு பிளேன் எத்தன மணிக்கு?"

தோட்டத்தில் விமான நிலையம் இல்லை என்று விளக்கினேன். அவள் அதற்கு அடியில் கோடு போட்டு மறுபடி நீட்டினாள். பல்லைப் பிடுங்கிய பாவமோ என்னவோ, டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "இல்லாட்டி என்ன, கட்டுவம்" என்றார்.

திரைக்குள் விமான நிலையம் கட்டுவதற்கும் ஒரு மென்பொருள் இருந்தது. இரண்டு வாரத்தில் டாக்டர் மலைச்சரிவைத் தட்டையாக்கி ஓர் ஓடுபாதையும், ஆறு விமானம் நிற்க இடமும், ஒரு சின்னக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் எழுப்பினார். படம் எடுத்து அக்காவின் போனுக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் அழைப்பு வந்தது.

"டேய், எங்க கொண்டு போய் வச்சிருக்கீங்க? அது பதினோராம் நம்பர் மலைடா! நல்லா கொழுந்து வர்ற மலை! அத வெட்டி ரோட்டு போட்டா நாங்க எங்கடா போறது? தள்ளி வைங்க. அந்தாண்ட மானாப்புல்லு சும்மாதானே கெடக்கு?"

டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே ஓடுபாதையை அப்படியே தூக்கி மானாப்புல் சரிவில் வைத்தார். இதனால் ஒரு சிக்கல் வந்தது. அங்கிருந்து கிளம்பும் விமானங்களுக்கு நேர் எதிரே நமுனுகுல மலை. டாக்டர் சுற்றிப் போவார், கம்ப்யூட்டர் ஓட்டும் விமானத்துக்கு மலை தெரியாது. அது போக வேண்டிய ஊரைப் பார்த்து நேராகப் போகும். மலைக்குள் நுழையும், அந்தப் பக்கம் வெளியே வரும், ஒரு கீறல் இருக்காது. முதல் தடவை பார்த்தபோது நான் ஸ்டூலிலிருந்து விழுந்தேன்.

இதெல்லாம் அக்கா மூலம் லயம் முழுக்கப் பரவி, எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு மண்டபமும் புரொஜெக்டரும் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் முன் சீட்டில் வைத்து, டாக்டர் சுக்கானை மடியில் பிடித்துக்கொண்டு, என் மனைவியையும் கூட்டிக்கொண்டு பசறை வழியாகப் போனோம். வளைவுக்கு வளைவு அவர் மடியிலிருந்த சுக்கானையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு வந்தார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

இரண்டு மணிக்கு மண்டபத்தில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள், முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஓர் அம்மா கையில் கிளாஸோடு வந்திருந்தார்.

"பிளேன் தருவாங்கன்னு சொன்னாங்க. பால் ஊத்தாத பிளேன் டீன்னு நெனச்சிட்டேன்."

அதிலேயே மண்டபம் ஒருமுறை அதிர்ந்தது. நான் முன்னால் நின்று, தோட்டத்து விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கும், டாக்டருக்காக யாழ்ப்பாணத்துக்கும் ஒவ்வொரு விமானம் இருப்பதாகச் சொன்னேன். இன்னும் எங்கே வேண்டும் என்று கேட்டதுதான் தாமதம்.

"குவைத்துக்கு! எம்மக அங்கதான் இருக்கா!"

"துபாய்!"

"கதிர்காமத்துக்கு ஒன்னு போடுங்க, ஆடிக்கு ஆகும்!"

"பண்டாரவளை சந்தைக்கு!"

"அங்க எறங்க எடமில்லம்மா."

"இங்க மட்டும் இருந்துச்சா? கட்டுங்க!"

நான் எழுதினேன், எழுதினேன், விரல் போதவில்லை. அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்து நின்றாள். "தம்பி, திருச்சிக்கு பிளேன் எத்தன மணிக்கு?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேரின் முன்னோர் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, இந்த மலைக்கு நடந்தே ஏறியவர்கள். திருச்சியை நேரில் பார்த்தவர்கள் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை. பிறகு எல்லோருமே ஒரே குரலில், "ஆமா, திருச்சிக்கு போடுங்க, அத மொதல்ல போடுங்க" என்றார்கள்.

ஐந்தரையைக் கழித்தேன். தூரத்தை டாக்டர் பார்த்துச் சொன்னார். இரண்டு நாற்பதுக்குப் புறப்பாடு, மூன்று இருபத்தெட்டுக்குச் சேர்வு, நாலு இருபதுக்குத் திரும்புதல். கம்ப்யூட்டருக்குப் புரியும்படி தொகுத்துப் போட்டேன். டாக்டர் தன் விமானத்தைத் திருச்சி விமானத்துக்குப் பின்னால் நிறுத்தினார். அதைத் துரத்திக்கொண்டே போனால் மண்டபம் முழுக்கவே கூடப் போகலாம் என்பது அவர் யோசனை.

இரண்டு முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. விசிலை எடுத்து ஊதினேன். சரியாக இரண்டு நாற்பதுக்கு, செக்கன் பிசகாமல், திருச்சி விமானம் அசைந்தது. நாற்பது பேர் கத்திய கத்தலில் தகரக் கூரை அதிர்ந்தது. அது ஓடுபாதையில் திரும்பியது, ஓடியது, மானாப்புல்லை விட்டு எழும்பியது. டாக்டரும் பின்னாலேயே எழும்பினார். கீழே தேயிலைப் பச்சை, முன்னால் அந்த வெள்ளை விமானத்தின் வால், அதற்கு முன்னால், திரையை அடைத்துக்கொண்டு, நமுனுகுல.

"மலைங்க! மலை வருதுங்க!" என்று என் மனைவி கத்தினாள்.

திருச்சி விமானம் மலைக்குள் போய்விட்டது. அப்படியே, கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் போவதுபோல்.

"ஐயோ, போச்சு!"

"என்னாலை மலைக்குள்ளை போகேலாது!" என்று அலறினார் டாக்டர். சுக்கானை நெஞ்சுவரை இழுத்தார். விமானம் நெட்டுக்குத்தாக எழுந்தது. மண்டபத்தில் எல்லோரும் பின்னால் சாய்ந்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்த ஒரு வாங்கு அவர்களோடு மல்லாந்து விழுந்தது, விழுந்தவர்கள் விழுந்த இடத்திலிருந்தே பார்த்தார்கள். "தூக்குங்க ஐயா! இன்னும் தூக்குங்க!" மலை உச்சியின் மரங்கள் எங்கள் காலடியில் உரசிக்கொண்டு போயின. அப்புறம் வெறும் வானம்.

"எங்க? நம்ம பிளேன் எங்க?"

டாக்டர் இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார். ஒன்றும் இல்லை.

"அந்தா! அந்தா போறான் பாரு!" அக்காதான். எழுந்து வந்து திரையிலேயே விரலை வைத்துவிட்டாள். பதுளைப் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி, மலையைத் துளைத்த களைப்புக்கூட இல்லாமல் வடமேற்கே போய்க்கொண்டிருந்தது. மண்டபத்தில் யார் யாரைக் கட்டிப் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கட்டிப் பிடித்தது கிளாஸோடு வந்த அம்மா.

அதன் பிறகு முக்கால் மணி நேரம் திரையில் மேகமும் கடலும்தான். யாரும் எழுந்து போகவில்லை. அக்கா உண்மையான பிளேன் டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் பாடினார்கள். கடல் வந்தபோது ஒரு பெண், "இதத்தான் தாண்டி வந்தாங்களா?" என்று கேட்டுவிட்டு, "பரவால்ல, சின்னதுதான்" என்றாள்.

திருச்சி ஓடுபாதை தெரிந்தபோது டாக்டருக்கு முதுகுச் சட்டை நனைந்திருந்தது. எங்கள் விமானம் முதலில் இறங்கியது, மூன்று இருபத்தொன்பதுக்கு. ஒரு நிமிடம் பிந்தியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது ஓடுபாதையை விட்டு விலகும் முன்னரே டாக்டர் கிட்ட வந்துவிட்டதால், விமான நிலையக் கோபுரம் அவரை இன்னொரு சுற்று சுற்றி வரச் சொன்னது. மண்டபம் கோபுரத்தை ஏசியது. கடைசியில் அவரும் இறக்கினார், ஒரு குதி, இரண்டு குதி, மூன்றாவதில் நின்றது. பெண்கள் வாங்கைப் பிடித்திருந்த பிடியை விட்டார்கள்.

"வந்துட்டமா?"

"வந்துட்டோம்மா. திருச்சி."

கை தட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "திரும்பி எத்தன மணிக்கு?"

"நாலு இருபதுக்கு."

"அப்ப நாளைக்கு காலையில பெரட்டுக்கு வந்துரலாம்."

"நீ என்னத்துக்குடி வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்துக்கு ஓடி வர்ற?" என்றாள் அக்கா. "வந்ததுதான் வந்த, ரெண்டு நாள் இருந்து சுத்திப் பாத்துட்டு வா. ஒன் பேருக்கு நான் கொழுந்து எடுக்கிறேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. டாக்டர் டீ குடித்தார். எல்லோரும் பேசினார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குவைத் விமானம் எப்போது என்று ஓர் அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மகளுக்கு வீடியோவில் காட்ட வேண்டுமாம். காட்டினார். அந்த மகள் அங்கிருந்து, "அம்மா, எந்த பிளேன்? எந்த பிளேன்?" என்று கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

நாலு இருபதுக்குத் திருச்சியில் எங்கள் விமானம் பின்னால் நகர்ந்தது. சிலர் எழுந்து நின்று கையை ஆட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், வாய் மூட முடியாமல். என்னடா சிரிப்பு என்று அக்கா கேட்டாள். நான் திரையைக் காட்டினேன். அவளும் சிரிக்கத் தொடங்கினாள், பல் போன இடம் தெரிய.